ஆடாத பைப்

“இதுல என்னதானுங்க அம்மணி குறை?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

பிலோமினா விமானத்தின் மூக்குப் பக்கம் போனாள். மூடி கழற்றி வைத்திருந்த எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள்.

எஞ்சின் ஆடியது.

கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

போன ஞாயிறும் இதேதான் நடந்தது. நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கதையில் சீடருக்குத்தான் வயது அதிகம். அறுபதைத் தாண்டியவர். பம்ப்செட் செய்து விற்று ஆளானவர். தொழிலை மகன்கள் கையில் கொடுத்த பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. பல்லடம் பக்கம் காலியாகக் கிடந்த தன் கோழிப்பண்ணை ஷெட்டில், பாகம் பாகமாக விற்கும் கிட் ஒன்றை வாங்கி, ஒரு குட்டி விமானம் கட்ட ஆரம்பித்தார். இரண்டு பேர் உட்காரலாம். ஷெட்டுக்கு வெளியே, ஓடி ஏறுவதற்கு அவருடைய சொந்த நிலமே நீளமாக இருந்தது.

குருவுக்கு நாற்பது வயது. தூத்துக்குடிக்காரி. நாச்சிமுத்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட பள்ளியில் எஞ்சின்களைக் கவனிக்கிற இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பாள். சம்பளம் வாங்க மாட்டாள். நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானை போடும் சாப்பாடு போதும்.

அவள் சரி என்று சொன்னால்தான் பறப்பது. இந்த விதியை வைத்ததே நாச்சிமுத்துதான். குரு வேண்டும் என்று தேடிப் போய்ப் பிடித்து வந்தவரும் அவரேதான். எனவே, கோபத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

இறக்கையைப் பார்த்தாள், சரி என்றாள். வாலைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், சரி என்றாள். பெட்ரோல் பைப்பில் வந்து நின்றுவிட்டாள்.

டேங்க் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து பைப் தரையோடு வந்து, சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரைத் தாண்டி, எஞ்சினுக்குப் போகிறது. சுவர் வரைக்கும் அவளுக்குப் புகாரே இல்லை. அலுமினியப் பைப்பை இடைவெளி பார்த்து கிளாம்ப் அடித்து, எதன்மீதும் உரசாமல் கொண்டு வந்திருந்தார். நன்றாக இருக்கிறது என்று வாயாலேயே சொன்னாள்.

சுவரிலிருந்து எஞ்சின் வரை ஒரு முழம். தகராறு அந்த ஒரு முழத்தில்தான்.

முதல் தடவை அவள் தெளிவாகச் சொல்லத்தான் செய்தாள்.

“இந்த எடத்துல ரப்பர் ஹோஸ் போடுங்க அண்ணாச்சி. தீ தாங்குற உறை போட்டது விக்குது. கொஞ்சம் தொய்வா விட்டுப் போடுங்க.”

வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போயிருப்பார்கள். நாச்சிமுத்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

பம்ப் தொழிலில் ரப்பர் என்பது சோம்பேறியின் வேலை என்றார். உறிஞ்சும் பக்கம் ஒரு மயிரளவு காற்று வாங்கினாலும் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது என்றார். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பம்புக்கு ரப்பர் ஹோஸ் வைத்துக் கொடுத்தாராம். அது கழன்று, ஒரு வெள்ளாமையே காய்ந்து போனது. அந்த விவசாயி பம்பை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, கடை வாசலில், பத்துப் பேர் பார்க்க இறக்கி வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அவர் பொருளில் ரப்பருக்கு இடம் கிடையாது. கான்கிரீட் மேடை போட்டு, பம்பை போல்ட் அடித்து உட்கார வைத்து, இரும்புப் பைப்பை நேராகக் கொண்டு வந்து முறுக்கிவிட்டால் பேரன் காலம் வரைக்கும் ஓடும்.

பிலோமினா முழுவதையும் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பைப்பைப் பற்றிப் பேச்சு இல்லை; எஞ்சினை உலுக்கிக் காட்டுவதோடு சரி.

சொன்னதைக் கேட்காமல் பதில் பாடம் நடத்துகிறவருக்கு இரண்டாம் தடவை சொல்வதில்லை என்பது அவள் பழக்கம். நல்ல பழக்கமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கதை இவ்வளவு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு பேரில் ஒருவராவது கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம்.

வரவில்லை.

அந்த முழத்துக்கும் அலுமினியப் பைப்பே போட்டிருந்தார் நாச்சிமுத்து. எஞ்சினை உலுக்கிக் காட்டிவிட்டு அவள் போனதும், பைப் மெல்லியது என்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அங்கே செம்புப் பைப் இருந்தது.

பிலோமினா எஞ்சினை உலுக்கினாள். சாப்பிடப் போனாள்.

செம்பும் போதாது போலிருக்கிறது. எவர்சில்வர் பைப் வரவழைத்தார். சுவர்ப் பக்கம் ஒரு கிளாம்ப், எஞ்சின் பக்கம் ஒரு கிளாம்ப், நடுவில் முட்டுக் கொடுத்து இன்னொன்று. முழு மூச்சாக முறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, பைப்பின் அடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. காகிதத்தைக் கொண்டுபோய்த் தெய்வானையிடம் காட்டினார். வெறும் காகிதத்தை எதற்குக் காட்டுகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

பிலோமினாவிடமும் காட்டினார். அவள் காகிதத்தையும் பார்த்தாள், பைப்பையும் பார்த்தாள். பிறகு எஞ்சினை உலுக்கினாள்.

என்னதான் குறை என்று அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகும் நாச்சிமுத்து எஞ்சின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒரு தடவை உலுக்கிப் பார்த்தார். ஆடியது. இன்னொரு தடவை உலுக்கினார். மறுபடியும் ஆடியது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தார்.

எஞ்சின் ஆடுவதுதானே குறை?

எஞ்சினைத் தாங்கும் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் கட்டைகள் இருந்தன. கிட்டோடு வந்தவை. அவற்றைக் கழற்றி எறிந்தார். அதே அளவில் இரும்பு வாஷர் கடைந்து போட்டு, போல்ட்டை இறுக்கினார். கான்கிரீட் மேடையில் பம்ப் உட்கார்ந்த மாதிரி எஞ்சின் உட்கார்ந்தது. ஆளே தொங்கினாலும் அசையாது.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினா உள்ளே நுழைந்ததும், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இப்ப ஆட்டுங்க, பாப்போம்.”

அவள் ஆட்டினாள். எஞ்சின் அசையவில்லை. குனிந்து பார்த்தாள். இரும்பு வாஷரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாச்சிமுத்து அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஏறி, எஞ்சினைக் கிளப்பினார். சீட் குதித்தது. மீட்டர் கண்ணாடிகள் கடகடத்தன. கையில் பிடித்திருந்த, விமானத்தை ஓட்டும் குச்சி இரண்டாகத் தெரிந்தது. ஒரு மீட்டர் கழன்று அவர் மடியில் விழுந்தது. அணைத்துவிட்டு இறங்கினார். மடியில் விழுந்ததை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

“ரப்பரத் திரும்பப் போடுங்க,” என்றாள் பிலோமினா. பல நாளைக்குப் பிறகு அவள் பேசியது அதுதான்.

அவர் குப்பையிலிருந்து ரப்பர் கட்டைகளைத் தேடி எடுத்துப் போட்டார். போட்டு முடித்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. முதல் தடவை பறப்பதற்கு வளர்பிறையில் நாள் பார்த்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

“ஏனுங்க அம்மணி, வாயத் தொறந்து சொன்னாத்தானுங்க தெரியும்?”

“சொன்னேம்லா.”

“எப்பங்க?”

“மொத நாளே.”

“அந்த ரப்பருங்களா?” என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். டெம்போ, கடை வாசல், பத்துப் பேர். பிலோமினா தலையில் கைவைத்துக்கொண்டாள். இந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

அப்போது தெய்வானை மோர் கொண்டு வந்தாள். சம்பந்தி வீட்டார் வருகிற அன்று எத்தனை மணிக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று கணவரைக் கேட்டாள். எதற்கு என்று கேட்டாள் பிலோமினா.

காலையில் அவர் மட்டும் தனியாகப் பறந்து பார்ப்பார், சாயங்காலம் நானும் கூட ஏறுகிறேன் என்றாள் தெய்வானை. இத்தனை வருஷமாக வீட்டில் ஒரு விசேஷத்துக்குக்கூட வராமல் இந்த ஷெட்டிலேயே கிடந்தாரே, அப்படி மேலே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டுமாம்.

பிலோமினா மோரைக் குடித்து முடித்தாள். எழுந்தாள்.

“அக்கா, இப்பவே ஏறி உக்காருங்க.”

தெய்வானை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட் மாட்டிவிட்டாள் பிலோமினா. சக்கரத்துக்குக் கட்டை வைத்தாள். வாலைத் தூணோடு கட்டினாள். பிறகு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில், மூக்கில் சுற்றும் விசிறி எட்டாத இடத்தில் நிறுத்தினாள்.

வலது தோளைத் தகட்டுச் சுவரோடு அழுத்திக்கொள்ளச் சொன்னாள். வலது கையை நீட்டி எஞ்சினின் மேல்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். தோளும் நகரக்கூடாது, பிடியும் விடக்கூடாது.

“முழங்கைய மடக்கப்படாது அண்ணாச்சி. என்ன ஆனாலும்.”

“மடக்க மாட்டனுங்க,” என்றார் நாச்சிமுத்து. மெஷினில் பழகிய கை. இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தார்.

அவள் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள்.

கை அதிர்ந்தது. விரலில் தொடங்கித் தோள் வரை கூசியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை விறைப்பாக வைத்திருந்தார். எஞ்சின் நிதானத்துக்கு வந்ததும் கூச்சம் கொஞ்சம் அடங்கியது. தலையைத் திருப்பி, பார்த்தீர்களா என்பது போலச் சிரித்தார். உள்ளேயிருந்து தெய்வானையும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

பிலோமினா எஞ்சினை அணைத்தாள்.

நிற்கப் போகிற நேரத்தில் எஞ்சின் ஒரு துள்ளு துள்ளியது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பிறகு நின்றது.

நாச்சிமுத்து கையைப் பார்த்தார். தோள் சுவரில் இருந்தது. பிடி எஞ்சினில் இருந்தது. முழங்கை மடங்கியிருந்தது.

பிலோமினா இறங்கி வந்தாள்.

“மடக்கப்படாதுன்னு சொன்னேம்லா?”

“நான் மடக்கலீங்க அம்மணி. அதுவா மடங்கிக்கிச்சு.”

“மடங்கலன்னா?”

“மடங்கலீன்னா தோளு...” என்று சொல்ல வந்தவர் குனிந்து பார்த்தார்.

அவர் கைக்குக் கீழே எவர்சில்வர் பைப் பளபளவென்று நேராக நின்றது. சுவர்ப் பக்கம் ஒரு கிளாம்ப், எஞ்சின் பக்கம் ஒரு கிளாம்ப், நடுவில் இன்னொன்று. எல்லாம் அவரே முறுக்கியது.

மடங்க அதற்கு முழங்கை இல்லை; ஒடியத்தான் வேண்டும். பிறகு நிமிர்ந்து சீட்டைப் பார்த்தார். பெல்ட்டைப் பிடித்தபடி தெய்வானை இன்னும் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததா, போகலாமா என்று கேட்டாள்.

“எறங்கு,” என்றார் நாச்சிமுத்து.