ஒரே நாளில் செய்த மாலை

மலைக்கும் கடலுக்கும் நடுவே செம்பாறை என்று ஒரு நாடு இருந்ததாம், வெகுகாலத்துக்கு முன்னால். அதை ஆண்டவன் மகுடவர்மன். கெட்டவன் இல்லை. ஆனால் கோபம் வந்துவிட்டால் தீர்ப்பு முதலில் வரும், விசாரணை அப்புறம் வரும். காலையில் கொடுத்ததை மாலையில் திருப்பிக் கேட்பான். அவன் சபையில் அறவாழி என்றொரு அமைச்சர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அரசன் கேட்பான். அதனாலேயே கருவூல அதிகாரி மேகநாதனுக்கு அவரைக் கண்டால் வயிறு எரியும்.

ஒருநாள் சேவகர்கள் ஒரு பெண்ணைச் சபைக்குள் இழுத்துவந்தார்கள். அரண்மனையில் நெல் குத்துகிற காத்தாயி அவள். பின்னாலேயே மேகநாதன் வந்தான், கையில் ஒரு பொன்மணி மாலையோடு.

"அரசே! அரண்மனையின் ஆற்றங்கரை வயல் இன்று ஏலத்துக்கு வந்தது. நான் கேட்ட விலைக்கு மேலே இந்த நெல்லுக்குத்தி கேட்கிறாள்! பணம் எங்கே என்றால் முந்தானைக்குள்ளிருந்து இதை எடுக்கிறாள். இது என் மகளுடைய மாலை. என் வீட்டில் திருடியது."

"திருடலைங்க சாமி. நான் சேத்ததுங்க" என்றாள் காத்தாயி.

"கூலி நெல்லைக் கஞ்சி காய்ச்சலாம். தங்கமாகக் காய்ச்ச முடியுமா?" என்றான் மேகநாதன். சபை சிரித்தது.

அரசன் சிரிக்கவில்லை. "மாலை மேகநாதனுக்கு. திருடிய கையை வெட்டுங்கள்."

காத்தாயி தன் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கை போனால் உலக்கை இல்லை, உலக்கை போனால் சோறு இல்லை.

அறவாழி எழுந்தார். "அரசே, வெட்டிய கையை ஒட்டவைக்க நம் வைத்தியருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுமா?"

"என் வாயிலுள்ள வெற்றிலை தீர்வதற்குள் கேளும்."

அமைச்சர் மாலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழகான மாலை, மேகநாதரே. மணி மணியாகச் சேர்த்துக் கோத்தீர்களோ?"

"சேர்ப்பதா?" மேகநாதனுக்கு முகம் சிவந்தது. "அதெல்லாம் இல்லாதவர்கள் செய்கிற வேலை. என் வீட்டில் எதையும் ஒரே நாளில் வாங்கித்தான் பழக்கம். ஒரே கட்டிப் பொன், ஒரே தட்டார், ஒரே அச்சு. மகளுக்கு வரப்போகிற கல்யாணத்துக்காகப் போன ஆவணியில் செய்துவைத்தது."

"அப்புறம் தினமும் போட்டுக்கொண்டாளோ?"

"தினமுமா? பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை."

"நடுவில் ஒரு கருமணி இருக்கிறதே?"

"அது... திருஷ்டிக்கு."

"சரி" என்று அமைச்சர் மாலையை அரசனிடம் நீட்டினார். "அரசே, கண்ணை மூடிக்கொண்டு, இந்த முனையிலிருந்து ஒவ்வொரு மணியாகத் தடவிப் பாருங்கள்."

அரசன் தடவினான். முதல் மணிகள் கூழாங்கல்போல வழவழவென்றிருந்தன, பூவேலை இருந்த இடமே தெரியவில்லை. போகப் போக இதழ்கள் விரலில் தட்டுப்பட்டன. கடைசி மணி நேற்று செய்ததுபோலச் சுரசுரத்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் நிறமும் ஒன்றுபோல இல்லை. சிலது மஞ்சள், சிலது செம்பு கலந்த சிவப்பு. வெற்றிலை மெல்லுவதை அரசன் நிறுத்திவிட்டான்.

"மேகநாதா, பெட்டிக்குள்ளேயே இருந்த மாலை இப்படித் தேயுமா?"

அரசன் காத்தாயியின் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லம்மா" என்றான் அரசன்.

"கூலி அளந்ததும், உலை வைக்கிறதுக்கு முன்னாலயே ஒரு கை நெல்லை எடுத்து வேற பானையில போட்ருவேன் சாமி. மிஞ்சினா எடுத்து வைக்கலாம்னு இருந்தா எங்க வீட்ல என்னிக்கு மிஞ்சும்? அதை அறுப்பு நாள்ல விக்கமாட்டேன். மழைக்காலத்துல விலை ஏறும், அப்ப விப்பேன். தை பொறந்தா ஒரு மணி. அந்த வருசம் எந்தத் தட்டார் கொறச்சுக் கேக்குறாரோ அவர்கிட்ட. கோத்து, முந்தானைக்குள்ள ராப்பகலா கழுத்துலயே போட்டுக்குவேன். பஞ்சத்துல வாங்கல."

"அந்தக் கருமணி?"

"எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல கெடந்தப்போ ஒரு மணியக் கழட்டி வித்தேன் சாமி. எடம் சும்மா இருந்தா மறந்துபோயிரும்னு அதைக் கோத்தேன். அவரும் பொழைக்கல. அந்த எடத்தை இன்னும் என்னால நெரப்ப முடியல."

இப்போது சபையில் யாரும் சிரிக்கவில்லை.

அரசன் மேகநாதனைப் பார்த்தான். "இந்தச் சபையில் அதிகச் சம்பளம் உனக்குத்தான். ஒரு வயலுக்காக இவள்மேல் திருட்டுப் பழி போட்டாயே, ஏன்?"

"கடன், அரசே" என்றான் மேகநாதன், தரையைப் பார்த்தபடி. "குதிரை, பட்டு, விருந்து. சம்பளம் வந்த அன்றே போய்விடுகிறது. அந்த வயலைக் காட்டித்தான் மேலே கடன் கேட்க நினைத்தேன். இவள் விலையை ஏற்றியதும்..."

அரசன் மாலையைக் காத்தாயியின் கையில் தானே வைத்தான். "அந்த வயல் இனி உன்னுடையது. இனாம்."

"வேண்டாங்க சாமி. மாலையக் குடுத்தே வாங்கிக்கிறேன்."

"ஏன்?"

"இனாமா வந்தது, நாளைக்கே திரும்பிப் போயிட்டா?"

அமைச்சர் மேல்துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். அரசனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று அவன் கோபப்படவில்லை. வயலை அவளுக்கே விற்று, இனி எந்த அரசனும் திருப்பிக் கேட்க முடியாதபடி கல்லில் வெட்டி நடச் சொன்னான்.

பிறகு மேகநாதன் பக்கம் திரும்பினான். "உன் கையை வெட்டமாட்டேன், அது உனக்குத் தேவைப்படும். பதவி போயிற்று. கூலிக்கு வேலை செய். இவள் மாலையைப்போல ஒன்று சேர்த்துக் கொண்டுவா. அன்றைக்கு உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறேன்."

மேகநாதன் தலைப்பாகையைக் கழற்றி வைத்தான். வாசல்வரை போனவன் நின்று, காத்தாயியைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா... அதற்கு எவ்வளவு காலமாகும்?"

நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள் காத்தாயி. அவள் முகத்தில் ஏளனம் இல்லை.

"எனக்குத் தலை வெளுத்துப்போச்சுங்க ஐயா. நீங்க நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க."