மிளகியின் ஏரிச் சுற்று

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது, பிள்ளைகளே. ஏரி என்றால் சின்ன ஏரி இல்லை. இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரை மரங்கள் கடுகு அளவுதான் தெரியும். அதைச் சுற்றி ஒற்றையடிப் பாதை ஒன்று ஓடியது. மாசி பிறந்தால் போதும், காடே ஏரி சுற்றக் கிளம்பிவிடும். முயல்கள் கூட்டமாக நடக்கும். மயில்கள் பாறை கண்ட இடமெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும். இலந்தைப் பழத்தை மென்றுகொண்டு, பாதையில் விழுந்த முள்ளை ஒதுக்கிப் போட்டுக்கொண்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டு நடப்பதில் அவற்றுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் மட்டும் இல்லை. ஏரியை ஒரு முறை முழுதாக நடந்து சுற்றியவர்களுக்கும் அவர்கள் குட்டிகளுக்கும்தான் கோடையில் பாறைத்துறையில் தண்ணீர் குடிக்க உரிமை. அந்தப் பாறையில் முதலையால் ஏற முடியாது. மற்றவர்கள் சேற்றுத்துறைக்குப் போகவேண்டியதுதான். அங்கே முதலை சேற்றோடு சேறாகப் படுத்திருக்கும்.

ஏரி சுற்றியதற்கு அடையாளம், காலில் ஒட்டிய மண். கிழக்குக் கரை செம்மண், வடக்கே கரிசல், மேற்கே வெள்ளைக் களிமண். தெற்கே இருந்த பாறைத்துறையைக் காவல் காத்தவர் கருங்கொம்பர் என்ற காட்டெருது. மூன்று மண்ணும் காலில் இருந்தால், "போ, குடி" என்பார். இல்லாவிட்டால் கொம்பை ஆட்டுவார். அதற்கு மேல் அவரிடம் பேச்சு கிடையாது.

அந்தக் காட்டில் மிளகி என்று ஒரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். கால்கள் குச்சி குச்சியாக இருக்கும். போன கோடையில் சேற்றுத்துறையில் அவளுடைய அக்காவை முதலை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மிளகி அதைக் கண்ணால் பார்த்தாள். இப்போது அவள் வயிற்றில் ஒரு குட்டி இருந்தது.

"என் குட்டி சேற்றுத்துறையில் வாய் வைக்காது" என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அவள் கிளம்பிய அன்று செம்முகன் என்ற குரங்கு ஆலமரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வேலை என்றால் பத்தடி தள்ளி நிற்பவன், வாய் மட்டும் வண்டி வண்டியாகப் பேசுவான்.

"எங்கே பயணம், மிளகி?"

"ஏரி சுற்ற."

"இந்தக் காலை வைத்துக்கொண்டா? நீ பாதி தூரம் போவதற்குள் உன் குட்டி பிறந்து, அதுவே உன்னைச் சுமந்துகொண்டு வரும்."

"வரட்டும். கூட நடக்க ஓர் ஆள் கிடைத்த மாதிரி" என்று சொல்லிவிட்டு மிளகி நடந்தாள்.

நடந்தாள் என்றால் அப்படி ஒரு நடை. முயல்கள் முன்னே போயின, மான்கள் முன்னே போயின, கடைசியில் நத்தையைத் தவிர எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். செம்மண் மேட்டில் கல் குத்திக் குளம்பு கீறியது. கரிசலில் ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைக்கவேண்டியிருந்தது. வெள்ளைக் களிமண்ணில் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், மறுபடி நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சேற்றுத்துறையை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

பாறைத்துறைக்கு வர இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. குறுக்கே ஓர் ஓடை. மாசியில் எப்போதும் அது காய்ந்து மணலாகக் கிடக்கும். ஆனால் முந்தின நாள் மலைமேல் காலம் தப்பி ஒரு மழை கொட்டியிருந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை, ஓடையில் மட்டும் வெள்ளம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. மற்றவர்கள் எல்லோரும் மழைக்கு முன்பே தாண்டிப் போய்விட்டார்கள்.

மிளகி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அவளை இழுத்தது. அவளும் விடவில்லை. அக்கரையில் ஏறி உடம்பை உதறினாள். முடித்துவிட்டோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. காலைக் குனிந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

பாறைத்துறையில் அவளுக்கு முன்பே செம்முகன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கை, இரண்டு கால், நான்கிலும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மண் அப்பிக் கிடந்தது.

"அடேயப்பா, என்ன நடை நடந்திருக்கிறாய்" என்று கருங்கொம்பர் அவனை மெச்சிக்கொண்டிருந்தார்.

"இன்று காலையில்தான் வந்து சேர்ந்தேன் ஐயா. இடுப்பு ஒடிந்துவிட்டது" என்று செம்முகன் முனகினான்.

கருங்கொம்பர் மிளகியின் பக்கம் திரும்பினார். அவள் காலைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

"மண் எங்கே?"

மிளகி அப்போதுதான் குனிந்து பார்த்தாள்.

"ஓடையில் வெள்ளம் ஐயா. கழுவிவிட்டது."

செம்முகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாசியில் ஓடையில் வெள்ளமாம். நானும் அந்த வழியாகத்தானே வந்தேன்? மணல் சுட்டது, உள்ளங்கால் பொத்துப்போயிற்று. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டாமா?"

"உனக்குச் சாட்சி உண்டா?" என்று கருங்கொம்பர் மிளகியைக் கேட்டார்.

"இல்லை ஐயா. எல்லோருக்கும் கடைசியாக வந்தேன்."

"மண்ணும் இல்லை, சாட்சியும் இல்லை. நான் என்ன செய்ய?" அவர் கொம்பை ஆட்டினார்.

மிளகியின் குளம்பில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே குட்டி ஒரு உதை உதைத்தது.

"கோடை பிறக்க இன்னும் நாள் இருக்கிறதா ஐயா?"

"இருக்கிறது."

"அப்படியானால் இன்னொரு முறை சுற்றிவிட்டு வருகிறேன். இந்தத் தடவை எதிர்ப்பக்கமாகப் போய் ஓடையை முதலிலேயே தாண்டிவிட்டால், கடைசியில் கழுவாது."

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். செம்முகன் சிரிப்பை நிறுத்திவிட்டான். கருங்கொம்பருக்கு என்னவோ போல் இருந்தது.

"ஒருத்தி வெள்ளம் என்கிறாள், ஒருத்தன் மணல் என்கிறான். இருப்பது ஓர் ஓடைதானே? வா, போய்ப் பார்த்துவிடுவோம்" என்றார்.

"எனக்குக் கால் வலிக்கிறது ஐயா" என்றான் செம்முகன்.

"அவளுக்கும்தான் வலிக்கிறது. நட."

ஓடையின் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. செம்முகன் முகத்தில் ஈயாடவில்லை. மிளகி யாருக்காகவும் நிற்காமல் நேரே தண்ணீரில் இறங்கினாள். வெள்ளம் கழுத்துக்கு வந்தது. பின்னால் பேசுகிறவர்களின் குரல் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

"இன்று காலையில் இதைத் தாண்டித்தானே வந்தாய், செம்முகா? அப்படியானால் உன் காலில் மண் எப்படித் தங்கியது?"

"மரத்துக்கு மரம் தாவி வந்தேன் ஐயா."

"மணல் சுட்டது என்றாயே. சரி, மரம் எங்கே? காட்டு."

இரண்டு கரையும் பொட்டல். கரைக்குக் கரை இருக்கும் தன் சொந்தக்காரக் குரங்குகளிடம் சொல்லி மண் எடுத்துவரச் செய்து, ஆலமரத்தில் உட்கார்ந்தபடியே பூசிக்கொண்டதை அதற்குப் பிறகு செம்முகனே கக்கிவிட்டான்.

மிளகிக்கு நடு ஓடையில் கால் தடுமாறியது. அந்த நேரம் வெள்ளத்தின் வேகம் சட்டென்று குறைந்தது. பார்த்தால், கருங்கொம்பர் தண்ணீரில் இறங்கி, மேற்புறமாகக் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"எங்கே போகிறாய் அம்மா?"

"சுற்றத்தான் ஐயா. பொழுது போகிறது, வழி விடுங்கள்."

"நீதான் சுற்றிவிட்டாயே. இந்த ஓடையைத் தாண்டி வந்த காலில் மண் இருந்தால்தான் தப்பு. எனக்குத்தான் அது உறைக்கவில்லை. திரும்பு."

மிளகி அழுதாள். அடக்கி அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கருங்கொம்பர் அவள் அழுது முடிக்கும் வரை வெள்ளத்துக்குக் குறுக்கே நின்றார். பிறகு கரைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"டேய், இறங்கிக் காலைக் கழுவு. கழுவிவிட்டுக் கிளம்பு. தரையோடு நடக்கவேண்டும். கோடை வந்துவிடும், சீக்கிரம்."

அந்தக் கோடையில் மிளகி பாறைத்துறைக்குத் தன் குட்டியோடு வந்தாள். தண்ணீருக்குள் எதுவும் அசைகிறதா என்று குட்டி பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்றே அதற்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தலையைக் குனிந்து, வயிறு முட்டக் குடித்தது.

நீதி: உண்மையாக உழைத்தவரிடம் அதன் அடையாளம் இல்லாமல் போகலாம், உழைக்காதவர் பூசிக்கொண்ட அடையாளமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.