பாற்கடலில் சுழலாத மத்து

மடத்துக் கூடத்தில் பாற்கடல் கடையும் காட்சி ஒன்று மாட்டியிருந்தது. வண்ணமில்லாத, வெறும் கோட்டுச் சித்திரம். எந்தக் காலத்திலோ பெரிய ஓவியர் ஒருவர் வரைந்தது. பூச்சி அரித்துக்கொண்டே வந்ததால், அதைப் பார்த்து அப்படியே இன்னொன்று வரையும் வேலை ஐயாறப்பரிடம் வந்து சேர்ந்தது. சீடர்தான், ஆனால் குருவைவிட மூத்தவர். பிடிவாதத்திலும் ஒரு படி மேல்.

வரைந்து கொண்டுபோனார். குரு பார்த்துவிட்டு, “இல்லை” என்றார். மறுபடி வரைந்தார். மறுபடியும் “இல்லை.” காரணம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆடி போய் ஆவணியும் போனது. ஐயாறப்பருக்குத் தோள் விட்டுப்போயிற்று. தூக்கமும் போயிற்று. எதற்கு இந்தப் பிழைப்பு என்று ஒரு காலையில் சமையற்கட்டுக்கே போய், அங்கு நின்றிருந்த குருவின் காலடியில் தூரிகையை வைத்தார்.

“முடியல சாமி. என்னை அனுப்பிடுங்க.”

“படத்தைக் காட்டுங்க.”

கக்கத்தில் இருந்த சுருளை விரித்துக் காட்டினார். பாம்பின் தலைப்பக்கம் அசுரர்கள், வால்பக்கம் தேவர்கள். அத்தனை பேரும் நரம்பு புடைக்கப் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள்.

“பழைய படத்துல தேவர்கள் இப்படியா நிக்கிறாங்க?”

“இல்ல சாமி. அதுல முன்னால சாஞ்சு, கையத் தளர விட்டுருக்காங்க. பெரியவருக்குக் கடைசியில கை ஓய்ஞ்சிருக்கும், பாவம். நான் சரிபண்ணிட்டேன்.”

குரு தயிர்ப்பானையில் நின்ற பெரிய மத்தின் அருகே போனார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கடைவது அது. கயிற்றின் ஒரு நுனியை ஐயாறப்பரிடம் கொடுத்தார். மறுநுனியைத் தாமே பிடித்தார்.

“இழுங்க.”

ஐயாறப்பர் இழுத்தார். குருவும் இழுத்தார். மத்து அசையவில்லை.

இன்னும் பலமாக இழுத்தார்கள். உள்ளங்கை எரிந்தது. தயிர் அப்படியே கிடந்தது.

ஐயாறப்பருக்கு மூச்சு வாங்கியது. “ஒரு பக்கம் கயித்தை விட்டாத்தானே சாமி சுத்தும்?”

“ஆமா.”

“யார் விடணும்?”

குரு நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்ததை ஐயாறப்பர் அப்போதுதான் கவனித்தார். மனசு சங்கடப்பட்டது.

“இத்தனை நாளா இல்லை, இல்லைன்னு நானும் இழுத்துக்கிட்டேதான் இருக்கேன். எனக்கும் கை வலிக்குது” என்றார் குரு. “இன்னிக்கு நீங்க விடுங்க. நாளைக்கு நான் விடுறேன்.”