பனிமலைக் கோயிலின் மணி

சீன தேசத்து மலைக்காடு ஒன்றில் யூன் என்ற கிழட்டு நாரை வாழ்ந்து வந்தது. மலையுச்சியில் தாவோ சமயத் துறவிகள் கட்டிய பழைய கோயில் இருந்தது. துறவிகள் ஒவ்வொருவராக மறைந்து, கோயில் ஆளில்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

யூனுக்குத் துறவிகள் இருந்த நாட்கள் மறக்கவே இல்லை. ஊதுவத்திப் புகையும், விடியற்காலைப் பாட்டும், தினைக்கஞ்சியில் தனக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்த துறவியின் கையும் அடிக்கடி நினைவுக்கு வரும். அப்போதெல்லாம் கோயில் கூரையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் ஷாவோ என்ற குரங்கு அங்கே குடிவந்தது. தரையைக் கூட்டியது. விளக்குகளைத் துடைத்தது. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டது.

“இது புனிதமான இடம். துறவிகள் வைத்திருந்தபடியே இதைக் காப்பாற்றப் போகிறேன்” என்றது பெருமையாக.

குளிர்காலம் வந்தது. ஒரு மாலையில் பனிப்புயல் வீசியது. தாய்மான் ஒன்று குட்டியோடு வந்து கதவைத் தட்டியது.

“ஐயா, குட்டி விறைத்துப் போகிறது. உள்ளே விடுங்கள்!”

“சேற்றுக்காலோடு கோயிலுக்குள்ளா? போ, போ!” என்று உள்ளிருந்தே விரட்டியது குரங்கு.

கூரையிலிருந்த யூன் இதைக் கேட்டுக் கீழே இறங்கியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது.

“ஷாவோ, எல்லாம் சரியாகத்தான் செய்கிறாய். ஆனால் பனி கொட்டும் மாலையில் துறவிகள் பெரிய மணியை அடிப்பார்களே, அதை விட்டுவிட்டாயே?”

“அடடா! முன்பே சொல்லக் கூடாதா?”

குரங்கு ஓடிப்போய் மணியை அடித்தது. பள்ளத்தாக்கெல்லாம் நாதம் பரவியது. எத்தனை காலம் கழித்துக் கேட்கிறோம் என்று யூன் நினைத்துக்கொண்டது.

சற்று நேரத்தில் மானும் குட்டியும் நின்ற வாசலில் கரடி, முயல், காட்டாடு என்று ஒரே கூட்டம்.

“உங்களை யார் கூப்பிட்டது?” என்று கத்தியது குரங்கு.

“நீதானே மணியடித்தாய்? பனியில் தவிப்பவர்கள் வந்து ஒதுங்கட்டும் என்றுதானே துறவிகள் அதை அடிப்பார்கள்!” என்றது கரடி.

குரங்கு யூனை முறைத்தது. “என்னை ஏமாற்றிவிட்டாய்!”

“அவர்கள் வைத்திருந்தபடி காப்பாற்றுவேன் என்றாய். அவர்கள் இந்தக் கதவைத் தாழிட்டதே இல்லை, தம்பி.”

குரங்கு தலை குனிந்தபடி தாழ்ப்பாளை நீக்கியது. ஈரக் கால்தடங்கள் தரையெங்கும் பதிந்தன. மான்குட்டி, கூடவே உள்ளே வந்த யூனின் சிறகுக்குள் புகுந்து தூங்கிப்போனது.

இத்தனை வருடங்களில் அன்றுதான் யூனுக்கு அது தன் பழைய கோயிலாகத் தெரிந்தது.

நீதி: பெரியோர் கட்டிய கோயிலைக் காக்க நினைப்பவர், அவர்களுடைய கருணையையும் சேர்த்துக் காக்க வேண்டும்.