நிறுத்தி வைத்தால் ஏறும் பேட்டரி

கொஞ்சம் காது கொடுங்கள். கேட்ட அன்று எனக்குத் தலை கிறுகிறுத்துப் போனது. இனி உங்கள் பாடு.

ஓசூர்ப் பக்கம் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறவள் பவுனு. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அங்கேயே புங்கமர நிழலில் வண்டியை நிறுத்தினால் மாலை நாலுக்குத்தான் எடுப்பாள். புதுப் பேட்டரி போட்ட வாரமே ஓர் அதிசயம். நிறுத்தும்போது திரையில் அறுபது சதவீதம். எடுக்கும்போது அறுபத்தெட்டு!

"யோவ், எனக்குத் தெரியாம வந்து சார்ஜ் போட்டியா?" என்று புருஷனைப் பிடித்தாள்.

"நான் எங்க வந்தேன்? சூளையில கல்லு இல்ல அறுத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாளும் எட்டு ஏறியது. பவுனு பேட்டரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு இருபத்தைந்தில் வீட்டில் நிறுத்தியவள், தானாக ஏறுவதற்குக் கரண்டு எதற்கு என்று சார்ஜே போடவில்லை. திங்கள் காலை ஏழுக்கு எண்பத்தேழு. பரீட்சை நாள். ஏழு பிள்ளைகளோடு கிளம்பினாள். ஏரிக்கரை மேடு ஏறுவதற்குள் வண்டி நின்றே போனது. திரை அப்போதும் எழுபது என்றது. பிள்ளைகள் மீதி வழியை ஓட்டமாக ஓடினார்கள்.

பவுனு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, பேட்டரி செய்த பட்டறைக்கே வந்துவிட்டாள். "ஏழு வீட்டுக்காரங்களும் என்னைத்தான் கேக்கறாங்க. உங்க பேட்டரி பொய் சொல்லுது!"

பேட்டரிக்குள் சின்ன போர்டு ஒன்று இருக்கும். உள்ளே வருகிற கரண்டையும் வெளியே போகிற கரண்டையும் அளந்து, மிச்சம் இவ்வளவு என்று திரையில் காட்டுவது அதுதான். அளக்க அதற்குப் பட்டறையில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் மூன்று பெண்கள். அமலா பேட்டரியைக் கட்டி, போர்டை மாட்டி, முன்னால் தள்ளுவாள். ஜெயக்கொடி, "இதுதான் பூஜ்யம்" என்று போர்டுக்குச் சொல்லும் பொத்தானை அழுத்துவாள். நூர்ஜஹான் சரியாகப் பத்து ஆம்பியர் ஓடவிட்டு, "இதுதான் பத்து" என்று அழுத்துவாள். வேலை முடிந்தது.

பட்டறைக்காரர் துரைக்கண்ணு மூவரையும் நிற்க வைத்தார். "யார் கையில தப்பு நடந்துச்சோ, அவங்க நாளையிலிருந்து இந்தப் பெஞ்சுக்கு வர வேணாம்."

அந்த மாதம்தான் ஜெயக்கொடிக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும்.

முதலில் நூர்ஜஹான், பவுனுவின் பேட்டரியிலேயே பத்து ஆம்பியர் ஓடவிட்டாள். போர்டும் பத்து என்றது. "பாத்துக்குங்க அண்ணே, முடியளவு மாறல." அமலா மூடியைத் திறந்து காட்டினாள், எல்லாம் இறுக்கமாக, சுத்தமாக இருந்தது. ஜெயக்கொடி ஒரு புதுப் பேட்டரியை எடுத்துப் பூஜ்யம் வைத்துக் காட்டினாள். அதுவும் சரி. மூன்றும் சரி, பேட்டரி மட்டும் தப்பு! துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"இதைக் கட்டின அன்னிக்கு ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா? ஒன்னு விடாம சொல்லுங்க."

"அன்னிக்குக் கரண்டு போயிடுச்சு அண்ணே," என்றாள் ஜெயக்கொடி. "பெஞ்சு மெஷினுக்கு மட்டும் ஜெனரேட்டர். மேல ஃபேன் ஓடல. கடைசி பேட்டரி இதுதான். நெத்தி வேர்வை போர்டுல சொட்டிடுமோன்னு பயந்துக்கிட்டே பொத்தானை அழுத்தினேன்."

"ஆமா, நான்தான் பாவம் பாத்து, அவ முன்னாடி இருந்த பேட்டரியோட வெளிக்கம்பியில சின்ன ஃபேனை மாட்டி அவ பக்கம் திருப்பி வச்சேன்," என்றாள் அமலா.

"உன் ஃபேனை எடுத்தாத்தானே நான் என் கம்பியை மாட்ட முடியும்? கழட்டி வச்சுட்டு என் வேலையை முடிச்சேன்," என்றாள் நூர்ஜஹான்.

ஒருத்தி கட்டினாள், இரக்கமும் பட்டாள். ஒருத்தி பூஜ்யம் வைத்தாள். ஒருத்தி பத்து வைத்தாள். பத்து இன்றைக்கும் பத்துதான். அப்படியானால், நிறுத்திய வண்டியில் மணிக்கு ஒரு சதவீதம் ஏறியது எப்படி? தப்பு நடந்தது யார் கையில்? பெஞ்சை விட்டு எழ வேண்டியது யார்?

யோசித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

விடை: மின் தராசில் பாத்திரத்தை வைத்துக்கொண்டே பூஜ்யத்தை அழுத்தினால், பாத்திரத்தை எடுத்ததும் தராசு கழித்தல் கணக்குக் காட்டும் இல்லையா? ஃபேன் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஜெயக்கொடி "இதுதான் பூஜ்யம்" என்று அழுத்திவிட்டாள். ஆகவே நிஜமாகவே ஒன்றும் ஓடாத நேரத்தில், அரை ஆம்பியர் உள்ளே வருவதாகப் போர்டு நினைத்துக்கொண்டது. ஐம்பது ஆம்பியர்-மணி பிடிக்கிற பேட்டரிக்கு அது மணிக்கு ஒரு சதவீதம். நூர்ஜஹான் ஃபேனைக் கழற்றிவிட்டு வைத்ததால் பத்து மட்டும் தப்பித்தது. அமலாவின் இரக்கத்தில் குற்றமில்லை, மாட்டிய இடம்தான் தப்பு. வெளிக்கம்பி வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது பொத்தானை அழுத்துகிறவள் வேலை, பிழை ஜெயக்கொடியுடையதுதான். அவளே அதை முதலில் சொன்னாள். துரைக்கண்ணு பெஞ்சை விட்டு ஃபேனைத்தான் எழுப்பினார். சுவரில் தனி லைன் இழுத்து மாட்டினார். ஜெயக்கொடி பவுனுவின் பேட்டரிக்கு மறுபடி பூஜ்யம் வைத்தாள், இம்முறை இரண்டு கம்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டு. பிறகு நூர்ஜஹான் பத்து வைத்தாள்.

பவுனுவுக்கு மட்டும் முகம் வாடிப் போனது. "அப்போ இனிமே தானா ஏறாதா?"