செங்கேணியின் நாக்கு

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு, மதாம். சும்மா ஆளுக்கொரு பேரு வெச்சி ஏமாத்துறானுங்க."

செங்கேணி நான்காவது கிளாஸ் ஒயினையும் ருசி பார்த்து மேஜையில் வைத்துவிட்டு விறைத்துக்கொண்டு நின்றார். வயது ஐம்பத்தொன்று. புதுச்சேரிக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் இருபது வருடமாகத் தட்டு தூக்குகிறவர்.

எதிரே உட்கார்ந்திருந்த லூர்தினா அவரைவிடப் பதினேழு வயது சின்னவர். பிரான்சுக்குப் போய் ஒயின் படித்துவிட்டு வந்தவர். ஓட்டல் மொத்தமும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடும்.

சனிக்கிழமை பரீட்சை. ஹாலில் ஒயின் ஊற்ற ஒரே ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள். தோற்றால் செங்கேணிக்கு லாண்டரி. "உன் நாக்குக்குச் சாராயம்தான் தெரியும், ஒயின் எங்க தெரியப் போவுது?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அது செங்கேணிக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை குடிங்க அண்ணே."

செங்கேணி கிளாஸை உயரத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். மடக்கென்று இறங்கிவிட்டது.

"நாக்கு எங்க இருக்கு?" என்றார் மதாம்.

"வாயிலதான்."

"ஒயின் எங்க போச்சு?"

செங்கேணி தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"உதட்டுல வெச்சுக் குடிங்க."

"எச்சில் பண்ணிப் பழக்கமில்ல மதாம். எங்க வீட்டுல சொம்பைக்கூட வாய் வெச்சுக் குடிக்க மாட்டோம்."

"அப்ப லாண்டரிக்குப் போங்க."

வந்ததே கோபம். அந்தக் கோபத்தில்தான் மனிதர் கிளாஸை உதட்டில் வைத்தார்.

"முழுங்காதீங்க. அப்படியே வெச்சிருங்க... ம். இப்ப முழுங்குங்க. என்ன தெரியுது?"

செங்கேணி பையிலிருந்து ஒயின் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "பிளாக்கரன்ட்... செடார் மரம்..."

"பிளாக்கரன்ட் தின்னிருக்கீங்களா?"

"கண்ணால கூடப் பார்த்ததில்ல. ஆனா போட்டிருக்கே மதாம்."

மதாம் புத்தகத்தை வாங்கினார். குனிந்து, மேஜையின் குட்டையான காலுக்கு அடியில் செருகினார். காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த மேஜை நின்றது.

"இப்ப சொல்லுங்க."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறேன்."

"ஈறைப் புடிச்சி இழுக்குது. கொட்டப்பாக்கு மென்ன மாதிரி ஒரே துவர்ப்பு."

"அந்தத் துவர்ப்பு இருந்தா கபெர்னே திராட்சை. அடுத்தது?"

"இது நல்லாப் பழுத்த நாவப்பழம். முரண்டு புடிக்கல."

"மெர்லோ."

"இதுல கடைசியா மெளகு வருது."

"ஷிராஸ்."

"இது... தண்ணி மாதிரி இருக்கு மதாம். மாதுளம்பழத்தை அலசி ஊத்தினாப்ல."

"பினோ நுவார். வெளிய சொல்லிடாதீங்க, நாலுல அதுதான் விலை ஜாஸ்தி."

செங்கேணி முதல் தடவையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு ஐந்து நாளும் சாயங்காலம் வந்து நின்றார். எச்சில் பேச்சையே எடுக்கவில்லை.

கடைசி நாள் மதாம் சொன்னார்: "நாளைக்கு மார்க் போடறது நான்தான் அண்ணே. சலுகை எதிர்பார்க்காதீங்க."

சனிக்கிழமை முதலாளி எத்திராஜுலு வந்து உட்கார்ந்தார். மேனேஜர் வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். செங்கேணியோடு, கேட்டரிங் காலேஜில் படித்த பையன்கள் இரண்டு பேர்.

மேஜையில் துணி சுற்றிய பாட்டில் ஒன்று. மதாம் மூன்று பேருக்கும் ஊற்றினார்.

"இது மெர்லோ. ஏன் மெர்லோன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

முதல் பையன் மோந்து பார்த்தான். "பிளம் வாசனை வருது மதாம். மெர்லோவேதான்."

இரண்டாமவன் கண்ணை மூடிக்கொண்டான். "சாக்லேட்டும் இருக்கு. ரொம்ப சாஃப்ட்."

செங்கேணி உதட்டில் வைத்துக் குடித்தார்.

ஈறு இழுத்துப் பிடித்தது.

மார்க் போடுகிறவரே மெர்லோ என்கிறார். தலையை ஆட்டினால் ஹால், ஆட்டாவிட்டால் லாண்டரி. மேனேஜர் இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தலையை ஆட்டிவிட்டுப் போவதுதானே? செங்கேணி இன்னொரு வாய் குடித்தார்.

"இல்ல மதாம்."

"என்ன இல்ல?"

"இது மெர்லோ இல்ல. கபெர்னே."

மேனேஜர் பதறினார். "யார்கிட்ட பேசறேன்னு தெரியுதாய்யா?"

மதாம் கையைக் காட்டி அவரை அடக்கினார். முகத்தில் ஒரு இளக்கமும் இல்லை.

"நான் பிரான்சுல படிச்சவ, செங்கேணி."

அந்த 'அண்ணே' காணாமல் போயிருந்தது. செங்கேணிக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் நிமிர்ந்தார்.

"படிச்சிருப்பீங்க மதாம். ஈறு என்னோடது."

பையன்கள் இரண்டு பேரும் அவசரமாக மறுபடி ஒரு வாய் குடித்தார்கள்.

முதலாளி எழுந்து வந்தார். "எதுக்கு வம்பு? துணியை எடுத்துப் பார்த்துட்டாப் போச்சு."

அவர் கை போவதற்குள் செங்கேணியின் கை பாட்டிலின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

"எடுக்க வேணாம் முதலாளி. கபெர்னேதான்."

மதாம் சிரித்தபடி ஒரு காலி கிளாஸை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"ஊத்துங்க அண்ணே."