இரண்டாவது கருந்துளை

“ரெண்டாவது இல்லவே இல்ல மேடம். இருந்திருந்தா இந்நேரம் சிக்கியிருக்கும்.”

தவமணி இதை நின்றுகொண்டே சொன்னார். அவருக்கு ஐம்பது வயது. இருபத்து மூன்று வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, சும்மா இருக்க முடியாமல் பகுதிநேர ஆராய்ச்சியில் வந்து மாட்டிக்கொண்டவர்.

அவருடைய கைடு ஜெசிந்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். யார் குரு, யார் சீடர் என்று வெளியாள் குழம்பித்தான் போவார்.

விஷயம் இதுதான். எங்கோ இரண்டு விண்மீன் திரள்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ராட்சதக் கருந்துளை. மோதலில் கலங்கிய வாயு அதற்குள் விழ விழ, விழுங்கும் இடத்தைச் சுற்றி வெளிச்சம் பற்றிக்கொள்ளும். முதல் திரளில் அப்படி எரிவது உலகத்துக்கே தெரியும். இரண்டாவதிலும் எரிகிறது என்று காட்டினால் தவமணிக்குப் பட்டம்.

ஆறு வருடமாகக் காட்ட முடியவில்லை.

“எங்க தேடினீங்க?”

“ரெண்டாவது திரள்ல, நல்லா பளிச்சுனு இருக்கிற இடத்துல. நடுன்னா அதுதானே? வெறும் நட்சத்திரக் கூட்டம் மேடம். கருந்துளைக்கான அடையாளம் பொட்டுகூட இல்ல.”

தவமணி கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆராய்ச்சிக்கு நீட்டிப்பு கேக்கணும். நான் கேக்கப் போறதில்ல. போதும். வீட்ல ‘எப்ப முடியும்’னு கேக்கறதையே விட்டுட்டாங்க. அதத்தான் தாங்க முடியல.”

அழுதிருப்பார், அதற்கும் தெம்பில்லை.

“சாப்பிட்டீங்களா சார்?”

“இல்ல.”

“வாங்க.”

ஆண்கள் விடுதி மெஸ்ஸும் பெண்கள் விடுதி மெஸ்ஸும் போன மாதம்தான் ஒன்றாகியிருந்தன. ஒரு கட்டடத்தின் கூரை ஒழுக, இரண்டு சமையல் கூட்டமும் ஒரே கூடத்துக்குள் வந்து விழுந்திருந்தது. காஸ் பத்தாமல் பின்பக்கம் விறகடுப்பு வேறு மூட்டியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரே களேபரம்.

ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இங்க எத்தனை மாஸ்டர் சார்?”

தவமணிக்கு எரிச்சலாக வந்தது. பசிக்கிற நேரத்தில் இதென்ன விளையாட்டு? இருந்தாலும் பார்த்தார். முன்னால் சுடலைமுத்து மாஸ்டர் கரண்டியை ஆட்டிக்கொண்டு, “ஏலே, சாம்பார் எங்கலே?” என்று கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

“ஒருத்தர்தான்.”

“பெண்கள் மெஸ் மாஸ்டர்?”

“இல்ல போலிருக்கு. அந்தப் பக்கம் எடுப்பா தெரியறது அந்த மீசைக்காரர்தான். அவரும் அப்பளம் வச்சிட்டிருக்கார்.”

“மீசைய விடுங்க சார். நடக்கறவங்களப் பாருங்க.”

தவமணி பார்த்தார்.

பரிமாறுகிறவர்களில் பாதிப்பேர் சுடலைமுத்துவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மீதிப்பேர் அவரைச் சட்டை செய்யவே இல்லை. மீசைக்காரரையும் தாண்டிப் பின்மூலைக்குப் போனார்கள். அங்கே புகையும் ஆவியும்தான் இருந்தன. வாளியோடு உள்ளே நுழைந்தார்கள், சற்றுக் குனிந்தார்கள், தலையாட்டினார்கள், நிரம்பிய வாளியோடு திரும்பினார்கள். ஒருவர் விடாமல்.

தவமணி அந்த மூலைக்கு நடந்தார். கண் எரிந்தது. கையால் புகையை விலக்கினார்.

மூன்று அண்டாக்களுக்கு நடுவில் ஒரு முக்காலி. அதில் ஒரு அம்மாள் உட்கார்ந்து, குரலே உயர்த்தாமல், யாருக்கு எது, எந்தப் பந்திக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன சார், சாதமா? வரிசைல வாங்க,” என்றார் அந்த அம்மாள்.

தவமணி வரிசைக்குப் போகவில்லை. கண்ணில் நீர் வழிய அப்படியே வெளியேறி, வந்த வழியே மாடிப்படி ஏறினார். மூச்சு வாங்கியது. ஜெசிந்தா பின்னால் வந்தார்.

தவமணி கணினியில் ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்தார். அந்த இரண்டு திரள்களிலும் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வேறொரு குழு ரேடியோ தொலைநோக்கியில் எடுத்தது. நம்மை நோக்கி வரும் வாயு நீலமாகவும் விலகிப் போவது சிவப்பாகவும் தெரியும். மோதுகிற இடத்தில் வாயு தாறுமாறாகத்தான் ஓடும் என்று சொல்லி, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதைத் தள்ளி வைத்திருந்தார்.

இரண்டாவது திரளைப் பெரிதாக்கினார்.

ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. அத்தனை வாயுவும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. பளிச்சென்ற இடம் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, தூசி மண்டிய கும்மிருட்டு. எல்லாம் அதைத்தான் சுற்றின.

“மேடம்,” என்றார். அந்த இருட்டின் மேல் விரலை வைத்தார். “இந்த இடத்துல நான் ஒரு தடவகூடப் பார்க்கலையே.”

“ஆமா சார்.”

“நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?”

“எனக்கும் மீசைதான் தெரிஞ்சுது. நேத்து அந்தப் புகைக்குள்ள தட்டத் தூக்கிட்டுப் போனப்பதான் சந்தேகம் வந்துச்சு. அங்கயும் ஒண்ணும் இல்லாமப் போகலாம் சார்.”

தவமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“புதுசா பார்க்கணும்னா இன்னும் ஒரு வருஷம் ஆகும்,” என்றார் ஜெசிந்தா. “தெம்பு இருக்கா சார்?”

“துளிகூட இல்ல மேடம்,” என்றார் தவமணி, அந்த இருட்டு இருக்கும் இடத்தின் எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே.